முதுகு காட்டி நின்ற நெட்டா

எங்கள் ஊர் ஆர்ட்நெஸ்ஸில் கார் ஓட்டும் யாரைக் கேட்டாலும் நெட்டா கவன்ஸைத் தெரியும் என்பார்கள். ஒருமுறையாவது அவளிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது அவள் வேலை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் கோட்டு, அதில் முன்னும் பின்னும் வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் வெள்ளைப் பட்டை, கையில் நீளக் கம்பில் வட்டப் பலகை. துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு வரும் பெரிய லாரியைக்கூட ஒற்றைக் கையை நீட்டி நிறுத்திவிடுவாள். நிறுத்தியதோடு விடவும் மாட்டாள். ஓட்டுநரின் ஜன்னலைத் தட்டி, "உங்க அம்மா உனக்குக் கண்ணை எதுக்குப்பா பெத்துக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி விடுவாள்.

சனிக்கிழமையானால் அதே கோட்டோடு கால்பந்து மைதானத்துக்கு வந்துவிடுவாள். வேறு கோட்டு இல்லாமல் இல்லை. வட கடல் காற்று எங்கள் மைதானத்தில் குறுக்கே அடிக்கும்போது மற்ற கோட்டெல்லாம் வெறும் துணி என்பாள். அவள் கணவர் ஹெக்டருக்குக் கால்பந்து ஆகாது. குளிரில் நின்று வருத்தப்படுவதற்கு எதற்கு டிக்கெட் என்று கேட்பார். ஆனால் அவள் வீடு திரும்பும் நேரத்துக்கு மீன் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு பெண்களும் கல்யாணமாகி வெளியூரில் சௌக்கியமாக இருக்கிறார்கள். அதனால் நெட்டாவுக்கு வாழ்க்கையில் ஏதோ குறை, அதைத் தீர்க்கத்தான் கால்பந்து என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்குக் கால்பந்து பிடிக்கும், அவ்வளவுதான்.

நான் இன்னெஸ். கடைத்தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். மைதானத்தில் என் இடம் நெட்டாவுக்கு வலப்பக்கம். அவளுக்கு இடப்பக்கம் மன்ரோ நிற்பான். ஊரில் சாவு விழுந்தால் எல்லா ஏற்பாடும் அவன்தான். அந்தத் தொழிலுக்குத் தகுந்த முகமும் குரலும் அவனுக்கு உண்டு. ‘ஆஃப்சைடு’ என்று அவன் சொன்னால்கூட யாரோ போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும்.

எங்கள் கிளப் பெரிய கிளப் இல்லை. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. கோலி தபால்காரர். கேப்டன் பள்ளியில் கணக்கு வாத்தியார். மைதானத்தில் நாற்காலிகளும் குறைவு. ஆகவே எங்கள் பசங்கள் எந்தப் பக்கம் கோல் அடிக்கப் பார்க்கிறார்களோ, அந்த கோலுக்குப் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது நாங்களும் டீ டம்ளரும் சிப்ஸுமாகச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவோம். வழியில் கடற்காகங்களுக்குக் கொஞ்சம் சிப்ஸ் பறிபோகும். அது வாடகை மாதிரி.

கிரெக் லோரிமர் எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபது வயதிருக்கும். ஆர்க்னி தீவுக்காரன். காற்றாலைகளில் மின்சார வேலை. கையும் காலும் ஆளுக்குப் பொருந்தாமல் நீளம். முதல் சில மாதங்கள் அவன் உதைத்த பந்தெல்லாம் கோலைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்று கேட்டால் விளக்குக் கம்பத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள் என்று நாங்கள் கத்தினோம். நெட்டா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"வாய் வலிக்கலையா உங்களுக்கு? ஊரு விட்டு ஊரு வந்த பையன். ஒரு வார்த்தை நல்லதா சொன்னா நாக்கு அறுந்துடுமா?"

பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு, "கிரெக்கு! நீ பாட்டுக்கு ஓடு, இந்தக் கழுதைங்க கிடக்குது!" என்று கூவினாள். எங்கள் மைதானத்தில் அவன் பெயரை முதலில் கூவியது அவள்தான். அந்த வருஷம் முடிவதற்குள் அவன் கோல் அடிக்க ஆரம்பித்துவிட்டான். ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. விளக்குக் கம்பம் என்ற பெயரை நாங்களே யாருக்கும் தெரியாமல் பிடுங்கிப் போட்டோம்.

பெனால்டி மட்டும்தான் சிக்கல். முதல் பெனால்டியை வானத்துக்கு அடித்தான். அது டீக்கடை வேனின் கண்ணாடியில் போய் விழுந்தது. இரண்டாவதை நேராகக் கோலியின் வயிற்றில் அடித்தான். மூன்றாவது கிடைத்தபோது நெட்டா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். காற்றில் சிந்திவிடும் என்று கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள். அது உள்ளே போனது. மூலையில், கோலி கையை நீட்டக்கூட நேரமில்லாமல்.

அவ்வளவுதான். மன்ரோ தீர்ப்புச் சொல்லிவிட்டான். "நெட்டா பாத்தா விழாது. பாக்கலேன்னா விழும்."

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொரு மைதானத்திலும் இப்படி ஒன்று உண்டு. எங்கள் டாக்டரம்மாவே சனிக்கிழமை இடது காலுறையை முதலில் மாட்டிக்கொள்பவர்தான். அதற்குப் பிறகு கிரெக்குக்கு எப்போது பெனால்டி கிடைத்தாலும் கூட்டம் பந்தைப் பார்க்காது, நெட்டாவைப் பார்க்கும். "திரும்பு, திரும்பு!" என்று நாலு பக்கமும் சத்தம் வரும். நெட்டா திரும்பி நின்றுகொள்வாள். கார் நிறுத்தும் இடத்தையும் அதற்கு அப்பால் தெரியும் கடலையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அவள் தோளில் கை வைத்து நடப்பதைச் சொல்வேன்.

"என்ன பண்றான்?"

"பந்தை வைக்கிறான்."

"இப்ப?"

"பின்னால நடக்குறான். நின்னுட்டான். நிமிந்து பாக்குறான்."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"மூஞ்சி மாதிரி இருக்கு, நெட்டா. சும்மா இரு."

பிறகு உதை விழும் சத்தம், கூட்டத்தின் இரைச்சல். அவள் திரும்புவதற்குள் கிரெக் மற்றவர்களுக்கு நடுவே புதைந்து கிடப்பான். ஒன்பது வருஷம் இப்படியே போனது. அவன் ஒரு பெனால்டிகூடத் தவறவிடவில்லை, உள்ளூரில். வெளியூர் ஆட்டங்களில் பந்தைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். நெட்டா வெளியூருக்கு வருவதில்லை. அவளுக்கும் அதற்கும் நாங்கள் முடிச்சுப் போடவே இல்லை. அந்நிய மண், அவனுக்குக் கால் கூசுகிறது என்று மன்ரோ சொன்னான், ஒப்புக்கொண்டோம்.

கிரெக்குக்கும் நெட்டாவுக்கும் பாசம் என்று சொன்னால் இருவருமே மறுப்பார்கள். பார்த்தால் எப்போதும் சண்டைதான். ஒரு குளிர்காலம் அவள் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாற்று ஆள் வர நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். கிரெக்குக்கு அப்போது விடுப்பு வாரம். யாரிடமும் கேட்காமல் காலையில் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து சாலை நடுவே நின்றுவிட்டான். பிள்ளைகள் கடந்தால்தானே? எல்லாம் அவனைச் சுற்றி நின்று கையெழுத்துக் கேட்டன. துறைமுகம் வரை வண்டிகள் நின்றன. நெட்டா கையில் கட்டோடு ஓரத்தில் நின்று, "கையை நல்லா நீட்டுடா! த்ரோ-இன் கேக்குற மாதிரி நிக்காத!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவன் வந்தான். அந்த வாரம் முழுக்க அவள் கத்தினாள். கடைசி நாள் ஹெக்டர் செய்த சூப்பை ஒரு வாளி நிறைய அவன் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

இந்த வருஷம் மார்ச்சில் கிரெக் சொன்னான். கம்பெனி அவனை டென்மார்க்குக்கு மாற்றுகிறது. கடலுக்குள் நிற்கும் காற்றாலைகள், நல்ல வேலை, மனைவிக்கும் அங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசி சனிக்கிழமை ஆட்டம்தான் எங்களுக்கு அவன் ஆடும் கடைசி ஆட்டம். கிளப் அறையில் எல்லோரும் அவன் முதுகைத் தட்டினார்கள். நெட்டா மட்டும் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

"அங்க குளிரு அதிகமா?" என்று கேட்டாள்.

"இங்க மாதிரிதான் நெட்டா."

"அப்ப அங்க போயி என்னத்தைக் கிழிக்கப் போற?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். அழவில்லை. ஆனால் என்னிடம் ஒன்று சொன்னாள்.

"ஒன்பது வருஷம் இன்னெஸ். அந்தப் பையன் பெனால்டியை உள்ள போட்டு நான் ஒண்ணுகூட பாத்ததில்ல. ஊரே பாத்திருக்கு. நான்தான் பாக்கல. அவன் போறதுக்குள்ள ஒரே ஒண்ணு என் கண்ணால பாத்துடணும்."

வீடியோ இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் கிளப் அறையில் இதை வைத்துப் பஞ்சாயத்தே நடந்தது. ஒருவன், கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நின்று பார்க்கட்டும் என்றான். கண்ணாடியில் பார்த்தால் அது பார்த்த கணக்கா, பார்க்காத கணக்கா என்று அரைமணி நேரம் சண்டை. முதுகு கோலின் பக்கம் இருக்கும்வரை சட்டத்துக்கு உட்பட்டது என்று ஒரு கட்சி. கண் கண்தான் என்று இன்னொரு கட்சி. நெட்டா மேஜையைத் தட்டினாள்.

"நிறுத்துங்கடா. பாத்தா நேருக்கு நேரா பாப்பேன். இல்லேன்னா வழக்கம்போல கடலைப் பாத்துட்டுப் போறேன். ஒளிஞ்சு பாக்க நான் என்ன திருடியா?"

மன்ரோ எழுந்து நின்றான். அவன் எழுந்தால் பழக்கதோஷத்தில் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிடுவோம்.

"நாளைக்கு நெட்டா பாக்கட்டும்," என்றான். "ஒன்பது வருஷம் நமக்காகத் திரும்பி நின்னுச்சு. போதும். போனா போகட்டும் ஒரு பெனால்டி."

நெட்டாவின் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது.

"நான் பாத்து, அவன் விட்டுட்டா? கடைசி நாளும் அதுவுமா..."

"விட்டா விடட்டும்மா," என்றான் மன்ரோ. "முதல்ல பெனால்டி கிடைக்கணுமே."

சனிக்கிழமை மைதானம் நிறைந்துவிட்டது. கிரெக்கின் மனைவி, மகள், ஆர்க்னியிலிருந்து அவன் அப்பா, எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் பாதியில் அவன் காலில் பந்தே நிற்கவில்லை. இடைவேளையில் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போனோம். நெட்டா சிப்ஸ் வாங்கவில்லை. அதிலிருந்தே அவள் நிலைமை எனக்குப் புரிந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது, முடிய கொஞ்ச நேரமே இருக்கும்போது, கிரெக் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்தான். பின்னாலிருந்து வந்த தடுப்பாட்டக்காரன் காலை வாரிவிட்டான். நடுவர் விசிலை ஊதிப் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். மைதானம் அதிர்ந்தது. பிறகு எங்கள் பக்கம் மட்டும் அடங்கியது. எல்லோரும் நெட்டாவைப் பார்த்தார்கள். ஒருவரும் ‘திரும்பு’ என்று சொல்லவில்லை.

அவள் இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

கிரெக் பந்தை வைத்தான். பின்னால் நடந்தான். நின்று நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் எதையோ தொலைத்தவன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலி நெடுகத் தேடினான். கடைசியில் நெட்டாவைக் கண்டுபிடித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் திகைத்துப்போனான். நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். கிரெக் அவசரமாகக் கையைத் தூக்கி, விரலை ஒரு வட்டம் சுற்றிக் காட்டினான். திரும்பு.

"அடப்பாவி, அவனும் நம்புறானா!" என்றான் மன்ரோ.

நெட்டாவின் முகம் சுருங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவள் திரும்பி நின்றாள். நான் தோளில் கை வைத்தேன். என்ன நடக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசில். உதை. இரைச்சல். யாரோ என் மேல் ஏறி விழுந்தார்கள்.

"போட்டுட்டானா?"

"போட்டுட்டான்."

"சரி," என்றாள். அதற்குப் பிறகும் திரும்பவில்லை.

ஆட்டம் முடிந்து இரண்டு அணிகளும் வரிசையாக நின்று கைதட்ட, கிரெக் நடுவே நடந்து போனான். கிளப் தலைவர் பேசினார், நீளமாகப் பேசினார். கூட்டம் மெல்லக் கரைந்தது. நெட்டா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "சூப்பு ஆறிடும்" என்றாள். நான் அவள் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தேன். கிரெக்கிடம் சொல்லிக்கொள்ளாமல் போனால் அவளுக்குத்தான் பின்னால் மனசு ஆறாது என்று எனக்குத் தெரியும். அதற்குள் கிரெக்கே சேறும் சகதியுமாக வேலிக்கு ஓடி வந்தான்.

"நெட்டா, கோவமா?"

"எனக்கென்ன கோவம்? என் கண்ணு ஆகாத கண்ணுன்னு ஊரு சொல்லிச்சு, ஒத்துக்கிட்டேன். நீயும் சொல்லுவேன்னு நினைக்கல, அவ்வளவுதான்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"விரலை இப்படிச் சுத்தினது யாரு, உங்க அப்பாவா?"

கிரெக் தலையைச் சொறிந்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஐயோ, அது அதுக்கில்ல. நீங்க பாத்தா ஆகாதுங்கிற கதையை நான் என்னைக்குமே நம்பினதில்ல. நான் உங்க கோட்டைப் பாத்துத்தான் நெட்டா அடிப்பேன்."

"எதைப் பாத்து?"

"கோட்டு. முதுகுல அந்த வெள்ளைப் பட்டை. எனக்கு பெனால்டின்னா கண்ணு இருட்டும். கோலு, கோலி, கூட்டம், எல்லாம் ஒண்ணாக் கலங்கிப் போயிடும். அன்னைக்கு நீங்க டீ ஊத்தத் திரும்பினீங்க. அந்தப் பட்டை மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது. அதைப் பாத்து உதைச்சேன். அதுக்கப்புறம் எல்லாமே அப்படித்தான். நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்களோ அந்தப் பக்கம். நீங்க இடம் மாறி மாறி நிப்பீங்க, அதனால எந்தக் கோலிக்கும் பிடிபடல."

"நடுவுல நின்னா?"

"நடுவுல அடிப்பேன். வெளியூர்ல நான் ஏன் அடிக்கிறதில்லன்னு நினைச்சீங்க?"

பக்கத்தில் நின்ற மன்ரோ தொப்பியைக் கழற்றினான். ஒன்பது வருஷச் சட்டம் அவன் கண்ணெதிரே செத்துக் கிடந்தது. அடக்கம் செய்வது அவன் தொழில் என்றாலும் இதற்கு அவன் தயாராக வரவில்லை.

நெட்டா விடவில்லை. "கோட்டுல முன்னாடியும் பட்டை இருக்கேடா. நேரா நின்னா என்ன?"

"முன்னாடி மூஞ்சியும் இருக்கே. உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படி அவ்வளவு ஓங்கி உதைக்கிறது?"

நெட்டா சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் நிறைந்து, அதைக் கோட்டுக் கையால் முரட்டுத்தனமாகத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இத்தனை வருஷமா பாதி கோலு என்னுது."

"பாதிக்கு மேலயே."

"இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க அதையே நினைச்சுக்கிட்டு நிப்பீங்க. நினைச்சுக்கிட்டு நின்னா அசைவீங்க."

அது நியாயம்தான் என்று நெட்டா ஒப்புக்கொண்டாள். கிரெக் ஓரத்தில் கிடந்த பந்தை எடுத்தான். "வாங்க, இப்ப உங்களுக்காக ஒண்ணு அடிக்கிறேன். எந்தப் பட்டையும் வேண்டாம். விட்டாலும் பரவால்ல. நல்லா கண்ணாரப் பாருங்க."

நெட்டா பந்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து மறுத்தாள்.

"உதைக்க வேணாம்," என்றாள். "உதைக்கிற சத்தம் எனக்கு அத்துப்படி. பந்து வலையில விழுற சத்தமும் தெரியும். அதுக்கு முன்னாடி நிமிந்து பாப்பியாமே. அதை மட்டும் காட்டு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். புள்ளியில் பந்தை வைத்தான். பின்னால் நடந்து நின்றான். நிமிர்ந்தான்.

"பல்லைக் காட்டாம நில்லுடா!" என்று கத்தினாள்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். விளையாட்டுக்குத்தான் நின்றான். எதிரே கோலி இல்லை, கூட்டம் இல்லை, காலியான வலைதான் காற்றில் ஆடியது. ஆனால் அந்த இடத்தில் அந்த மாதிரி நின்று பழகிய உடம்பு தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது போலிருக்கிறது. முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்தான். கை விரல்கள் காற்சட்டை ஓரத்தைப் பிடித்துக் கசக்கின. அத்தனை உயரமான ஆள், நிற்க நிற்கச் சின்னப் பையனாகிக்கொண்டு வந்தான். எத்தனையோ முறை நான் பார்த்த முகம்தான். பந்து உள்ளே போக வேண்டுமே என்ற கவலையில் அதை ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

நெட்டா வேலிமேல் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பவும் இப்படித்தானாடா?"

"எப்பவும்."

"இவ்வளவு பயமா உனக்கு?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"நல்லவேளை நான் பாக்கல," என்றாள் நெட்டா. குரல் உடைந்துவிட்டது. "பாத்திருந்தா வேலியைத் தாண்டி வந்து, உன் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

கிரெக் பந்தை அங்கேயே விட்டுவிட்டு அவளிடம் நடந்து வந்தான்.